பி அணியும் சி அணியும்: அமெரிக்கக் கால்பந்து கிளப்புகளில் கீழ்நிலை அணிகள் செய்யும் வேலை

அமெரிக்காவின் பல ஊர்களில் மே, ஜூன் மாதங்கள் கால்பந்து (சாக்கர்) கிளப்புகளின் தேர்வுக் காலம். பத்து வயதுப் பிள்ளைகள் நாற்பது, ஐம்பது பேர் முதுகில் எண் மாட்டிக்கொண்டு இரண்டு மாலை நேரம் ஓடுவார்கள். கோச்சுகள் கையில் அட்டையோடு ஓரமாக நின்று குறிப்பெடுப்பார்கள். அடுத்த சில நாட்களில் வீட்டுக்கு மின்னஞ்சல் வரும்: ஏ அணி, பி அணி அல்லது சி அணி. சில கிளப்புகள் எழுத்துக்குப் பதிலாக நிறத்தின் பெயரை வைக்கும். சில கிளப்புகள் எலைட், பிரீமியர், செலக்ட் என்று வைக்கும். என்ன பெயர் வைத்தாலும் எது மேலே, எது கீழே என்று பிள்ளைகளுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

பி அணி என்று வந்த மின்னஞ்சலைப் பார்த்தவுடன் பெரும்பாலான பெற்றோர் செய்யும் முதல் வேலை, பக்கத்து ஊரில் வேறு கிளப் இருக்கிறதா என்று தேடுவதுதான். அங்கே ஏ அணியில் இடம் கிடைத்தால் முக்கால் மணி நேரம் கார் ஓட்டக்கூடத் தயாராகிவிடுவார்கள். இந்த அவசரம் தவறான கணக்கில் பிறக்கிறது என்பது என் கருத்து. பத்து, பதினோரு வயதில் கீழ்நிலை அணியில் இருப்பது ஒரு குழந்தையின் கால்பந்துக்கு நல்லதாகவே முடிய நிறைய வாய்ப்பு உண்டு. கிளப் அந்த அணியைச் சரியாக நடத்தினால் என்ற நிபந்தனை மட்டும் உண்டு. அந்த நிபந்தனையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், தேர்வு என்ற பெயரில் என்ன அளக்கப்படுகிறது என்று பார்க்கலாம்.

2017 முதல் அமெரிக்கக் குழந்தைகள் கால்பந்தில் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வயதுப் பிரிவில் ஆடினார்கள். ஜனவரியில் பிறந்த பையனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே தேர்வில் நிற்பார்கள். பெரியவர்களுக்குப் பதினோரு மாதம் ஒன்றுமில்லை. ஒன்பது வயதில் அது வாழ்ந்த வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. உயரத்தில், ஓட்டத்தில், சொன்னதைக் கேட்டு நிற்கும் பொறுமையில்கூட அந்த வித்தியாசம் தெரியும். பல நாடுகளில், பல விளையாட்டுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாகவும் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. திறமை ஜனவரியில் மட்டும் பிறப்பதில்லை. தேர்வு செய்கிறவர் கண்ணுக்கு வளர்ச்சி திறமையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்த விதியே மாறுகிறது. 2026–27 பருவத்திலிருந்து யூஎஸ் யூத் சாக்கர், யூஎஸ் கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. ஆகிய பெரிய அமைப்புகள் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று வயதுப் பிரிவை மாற்றுகின்றன. பள்ளி வகுப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பது காரணம். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அக்டோபரில் பிறந்த ஒரு பெண் இதுவரை தன் பிரிவில் கடைக்குட்டிகளில் ஒருத்தி. இனி மூத்தவர்களில் ஒருத்தி. ஜூனில் பிறந்தவள் நடுவிலிருந்து கடைசிக்குப் போகிறாள். இருவரும் ஒரு பாஸ்கூடப் புதிதாகக் கற்றிருக்க வேண்டாம், தேர்வில் அவர்கள் நிற்கும் இடம் மாறிவிடும். சென்ற ஆண்டு பி அணிக்கு அனுப்பிய குழந்தையை இந்த ஆண்டு ஏ அணிக்கு எடுக்கப்போகும் கோச்சுகள் பலர் இருப்பார்கள். நடுவில் அந்தக் குழந்தையை பி அணியில் யாராவது ஒழுங்காகப் பயிற்றுவித்திருந்தால்தான் அந்த இடம் அதற்குப் பயன்படும்.

பிறந்த மாதம் பாதிக் கதைதான். மீதி, பருவ வளர்ச்சி. பெண் பிள்ளைகள் சுமாராக 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆனால் இது சராசரி. ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவனுக்கு 12 வயதிலேயே மீசை அரும்பும், இன்னொருவன் 15 வயதிலும் சிறுவனாக இருப்பான். 13 வயதுப் பிரிவு ஆட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். பெரியவன் தோளால் இடித்துக்கொண்டு போய் கோல் அடிப்பான், பெற்றோர் கைதட்டுவார்கள். சின்னவனுக்கு அந்த வழி இல்லை. பந்து வருமுன்பே திரும்பிப் பார்த்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஒரே தொடுதலில் பந்தை விட்டுவிட வேண்டும். பதினாறு வயதில் எல்லாருடைய உயரமும் நெருங்கி வரும்போது, சின்னவன் கற்ற பழக்கம் அவனோடு இருக்கும். பெரியவனுடைய சாதகம் போய்விட்டிருக்கும். ஆனால் அந்தச் சின்னவன் பதினாறு வயது வரை கால்பந்தில் இருக்க வேண்டுமே! அவன் இருக்கப்போகும் இடம் பெரும்பாலும் பி அணி.

இங்கிலாந்து ஆட்டக்காரர் ஹாரி கேனை எட்டு வயதில் லண்டனின் ஆர்சனல் கிளப் தன் அகாடமியிலிருந்து, அதாவது சிறுவர் பயிற்சிப் பிரிவிலிருந்து, வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவர் பிறந்தது 1993 ஜூலை 28. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பரில் தொடங்குகிறது, அதனால் அவர் தன் பிரிவில் ஏறக்குறைய கடைசி ஆள். வீட்டுப் பக்கத்து ரிட்ஜ்வே ரோவர்ஸ் சிறுவர் அணிக்குப் போய் ஆடினார், பிறகு டாட்டன்ஹாம் என்ற பெரிய கிளப்புக்கு வந்தார். 2023-இல் இங்கிலாந்துக்காக மிக அதிக கோல் அடித்தவர் ஆனார். பிரான்ஸ் ஆட்டக்காரர் என்கோலோ கான்டேயின் பாதை இன்னும் நீளம். பாரிஸ் புறநகரான சுரேனில் ஓர் அமெச்சூர் கிளப்பில் சிறுவயதிலிருந்து பத்தொன்பது வயது வரை ஆடினார். உயரம் போதாது என்று பெரிய அகாடமிகள் அவரைத் தொடவில்லை. 2010-இல் பூலோன் கிளப்பில் சேர்ந்தபோதும் முதலில் ஆடியது அதன் இரண்டாம் அணியில்தான். 2016-இல் லெஸ்டரோடும் 2017-இல் செல்சியோடும் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கை வென்றார், 2018-இல் பிரான்ஸோடு உலகக் கோப்பையை வென்றார்.

இந்தப் பெயர்களைச் சொல்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பி அணியில் இருந்தால் என் பிள்ளையும் கான்டே ஆகிவிடுவான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் கால்பந்து ஆடுகிறவர்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஏ அணிப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். இந்த உதாரணங்கள் காட்டுவது ஒன்றைத்தான்: எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் எடுக்கும் முடிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல. உலகின் மிகப் பெரிய கிளப்புகளே, முழுநேர ஆட்களை வைத்துக்கொண்டு, இவ்வளவு தவறுகிறார்கள். ஒரு புறநகர்க் கிளப்பின் இரண்டு மாலைத் தேர்வு எவ்வளவு தவறும்?

சரி, கீழ்நிலை அணியில் அப்படி என்ன கிடைக்கிறது? முதலாவது, ஆடும் நேரம்.

11, 12 வயதுப் பிரிவில் ஒன்பது பேர் ஆடும் ஆட்டம். பாதிக்கு முப்பது நிமிடம், மொத்தம் அறுபது. அணிப் பட்டியலில் அதிகபட்சம் பதினாறு பேர் இருக்கலாம். எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு முப்பத்துநான்கு நிமிடம் வரும். ஆனால் வெற்றிக்காக ஆடும் ஏ அணியில் சமமாகப் பிரிப்பது அரிது. அங்கே பதினாறாவது ஆளாக இருக்கும் பிள்ளைக்கு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இருபது ஆட்டம் என்றால் மொத்தம் நான்கு மணி நேரம். அதே பிள்ளை பி அணியில் முக்கிய ஆளாக நாற்பத்தைந்து நிமிடம் ஆடினால் பதினைந்து மணி நேரம். இரண்டு குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே கட்டணம் கட்டுகின்றன.

நேரத்தோடு அதன் தரமும் மாறுகிறது. ஆட்டம் ஏறக்குறைய முடிவான பிறகு கடைசி ஆறு நிமிடம் இறக்கிவிடப்படும் பிள்ளை, தவறு செய்யக் கூடாது என்ற ஒரே நினைப்போடு ஆடும். பந்து வந்தால் தட்டிவிட்டு ஒதுங்கும். கோச் திட்டுவாரோ என்று ஓரத்தைப் பார்க்கும். பி அணியில் அதே பிள்ளையிடம்தான் எல்லாரும் பந்தைக் கொடுப்பார்கள். ஒருவரைத் தாண்டிப் பார்க்கும், பந்தை இழக்கும், திரும்ப ஓடிப் பறிக்கும். கார்னர் அடிக்கும். ஆட்டம் 1–1 என்று சமமாக இருக்கும்போது பெனால்டி அடிக்க யார் போவது என்று கேட்டால் கை தூக்கும். முடிவெடுக்கும் பழக்கம் முடிவெடுத்துத்தான் வரும், பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதால் வராது.

இடம் மாற்றி ஆடுவதும் அங்கேதான் நடக்கும். ஏ அணியில் உயரமான பெண்ணை ஒன்பது வயதிலேயே பின்வரிசை நடுவில் நிறுத்திவிட்டால், அவள் அங்கேயே ஐந்து ஆண்டு நிற்பாள். அவளை நகர்த்தினால் ஆட்டம் தோற்குமே என்ற பயம். பி அணிக் கோச்சுக்கு அந்த நெருக்கடி குறைவு. இந்த வாரம் முன்னால், அடுத்த வாரம் ஓரத்தில், அப்புறம் ஒரு பாதி கோல்கீப்பராக என்று ஆட வைக்கலாம். இதை உண்மையிலேயே செய்யும் கோச்சுகள் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படுவதில்லை.

இதை ஒரு நாடே முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க நார்வே இருக்கிறது. அங்கே 1987-லேயே குழந்தைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தார்கள், 2007-இல் குழந்தைகளின் உரிமைகள் என்ற பெயரில் அவற்றை வலுப்படுத்தினார்கள். பதினோரு வயதுக்கு முன் புள்ளிப் பட்டியல் கிடையாது, தரவரிசை கிடையாது. நட்சத்திர ஆட்டக்காரர் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த ப்ரூன என்ற சிறிய ஊரின் கிளப்பில், அவர் வயதுக் குழுவில் சுமார் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன் என்ற கோச் அவர்களைப் பிரித்து வடிகட்டாமல் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே வைத்திருந்தார். ஹாலண்ட் அப்போது பெரிய உடம்புக்காரர் அல்ல, உயரம் பிற்பாடுதான் வந்தது. அந்த நாற்பது பேரிலிருந்து ஹாலண்ட் மட்டும் வரவில்லை, இன்னும் சிலரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வளர்ந்த பிறகும் அவர்களில் மிகப் பலர் ஆட்டத்தை விடாமல் இருந்தது. ஒரு சிற்றூரில் ஒரே குழுவிலிருந்து இத்தனை பேர் வருவதற்கு, யாரையும் சீக்கிரம் வெளியே அனுப்பாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. அங்கே ஏ, பி, சி, டி என்று அணிகள் உண்டு, குழந்தைகள் போட்டித் தொடர்களில் எல்லா அணிகளும் கலந்துகொள்ளும். வித்தியாசம் கோச்சில் இருக்கிறது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவின் உரிமம் பெற்று, சம்பளம் வாங்கும் கோச்சுகள் எல்லாக் குழந்தைகளுக்கும் பயிற்சி தருகிறார்கள், முதல் அணிக்கு மட்டும் அல்ல. 2000 முதல் கட்டிய உள்ளரங்க மைதானங்கள் குளிர்காலத்திலும் இதற்கு உதவின. அப்போது மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாடு 2016 யூரோ கோப்பையில் நீஸ் நகரில் இங்கிலாந்தை 2–1 என்று வென்றது. மக்கள்தொகை அவ்வளவு குறைவாக இருக்கும் நாட்டில் ஒரு டி அணிச் சிறுவனைக் கைவிடுவதுகூடக் கட்டுபடியாகாது. அமெரிக்காவில் குழந்தைகள் ஏராளம் என்பதால், கைவிடப்படுகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை.

இங்கே பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். அமெரிக்கக் கிளப் கால்பந்து பெற்றோர் கட்டும் கட்டணத்தில் நடக்கிறது. பல ஊர்களில் அது ஆண்டுக்கு 2,000 டாலரைத் தாண்டும். சீருடை, பயணம், போட்டித் தொடருக்குப் போனால் விடுதிச் செலவு எல்லாம் தனி. ஒரு வயதுப் பிரிவில் மூன்று அணி இருந்தால் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு பி, சி அணிகளிலிருந்து வருகிறது. கிளப்பின் இயக்குநர் சம்பளமும் மைதான வாடகையும் அந்தப் பணத்தில்தான் பெருமளவு போகின்றன. பல கிளப்புகளில் அதற்குப் பதிலாகக் கீழ் அணிகளுக்குக் கிடைப்பது என்ன? அனுபவம் இல்லாத கோச், நடுவில் ஆள் மாற்றம், பாதி மைதானம், விளக்கு சரியில்லாத மூலை, மழை வந்தால் முதலில் ரத்தாகும் பயிற்சி. சிறந்த கோச் எப்போதும் ஏ அணிக்கே. கற்பதற்கு அதிகம் இருக்கும் குழந்தைகளிடம் கற்றுக்கொடுக்கத் தெரியாதவரை அனுப்புவது எந்த நியாயம்? இது மாற வேண்டும். பணம் கட்டுகிற குடும்பங்கள் கேட்டால்தான் மாறும்.

இன்னொரு தவறு, கதவை மூடிவிடுவது. ஜூனில் போட்ட பட்டியல் அடுத்த ஜூன் வரை கல்வெட்டு என்று நடத்தும் கிளப்பில் கீழ் அணி கிடங்காகிவிடும். நல்ல கிளப்புகள் வாரத்தில் ஒருநாள் இரண்டு அணிகளுக்கும் சேர்த்துப் பயிற்சி வைக்கும். பி அணியில் நன்றாக ஆடுகிறவரை ஓர் ஆட்டத்துக்கு மேலே அழைக்கும். காயத்திலிருந்து திரும்பும் ஏ அணிப் பிள்ளையைச் சில வாரம் கீழே ஆட விடும். இப்படிப் போக்குவரத்து இருந்தால் கீழே இறங்குவது தண்டனையாகத் தெரியாது.

மேலே போகவே போகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்கள்தான் பெரும்பான்மை. ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கக் குழந்தை சராசரியாக ஒரு விளையாட்டில் மூன்று ஆண்டுகூட இருப்பதில்லை, பதினோரு வயதுக்குள் விட்டுவிடுகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமண்டா விசெக் குழு, எது ஆட்டத்தை மகிழ்ச்சியாக்குகிறது என்று கால்பந்து ஆடும் குழந்தைகளிடமே கேட்டது. 81 காரணங்கள் வந்தன. முழு முயற்சி எடுப்பது, சக ஆட்டக்காரர்களிடம் நல்லபடி நடப்பது, கோச் நல்ல முறையில் நடத்துவது போன்றவை மேலே இருந்தன. வெற்றி அவற்றுக்கு வெகு கீழேதான் இருந்தது. மேலே இருந்தவற்றை பி அணியாலும் தர முடியும். ஆட்டங்கள் பக்கத்து ஊர்களிலேயே நடப்பதால் சனிக்கிழமை மாலை வீட்டில் இருக்கலாம். வேறொரு விளையாட்டுக்கும் நேரம் கிடைக்கும். ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது.

இதே பிள்ளைகளில் சிலர்தான் பிறகு பள்ளி அணியில் ஆடுவார்கள், சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பார்கள், முப்பது வயதில் அலுவலக நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள், ஒருநாள் தங்கள் குழந்தையின் அணிக்குக் கோச்சாக நிற்பார்கள். ஏ.ஒய்.எஸ்.ஓ. அமைப்பு 1964-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியபோது வைத்த முதல் கொள்கை, எல்லாரும் ஆட வேண்டும் என்பது. ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது பாதி ஆட்டம். காசு புழங்கும் கிளப்புகள் வந்தபின் அந்தக் கொள்கை பின்னால் போய்விட்டது. பி, சி அணிகளில்தான் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

நியூ ஜெர்சியிலும் டல்லஸ் பக்கத்திலும் நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தக் கிளப்புகளில் ஆடுகிறார்கள். முதல் மதிப்பெண்ணும் முதல் பிரிவும் நம் குடும்பங்களில் ஊறிய விஷயம், அதனால் பி என்ற எழுத்து நம்மைக் கொஞ்சம் அதிகமாகவே சுடுகிறது. பிள்ளை அந்த எழுத்தைத் தானாக எடைபோடாது, அப்பா அம்மா முகத்தைப் பார்த்துத்தான் எடைபோடும். வீட்டுக்குத் திரும்பும் காரில் "ஏன்டா கண்ணா, கோச் உன்னை ஏன் எடுக்கல?" என்று கேட்பதற்குப் பதில் "புது டீம்ல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பத்து வயதுப் பிள்ளைகள் அதற்கு உற்சாகமாகவே பதில் சொல்வார்கள்.

அணியில் சேர்வதாக ஒப்புக்கொள்ளக் கிளப்புகள் பெரும்பாலும் ஓரிரு நாள்தான் அவகாசம் கொடுக்கும். அதற்குள் இயக்குநரை அழைத்துச் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பி அணியின் கோச் யார், எந்த உரிமம் வைத்திருக்கிறார், அவர் ஆண்டு முழுவதும் இருப்பாரா? பட்டியலில் எத்தனை பேர்? குறைந்தபட்ச ஆட்ட நேரம் என்று எழுத்தில் ஏதாவது உண்டா? சென்ற ஆண்டு நடுவில் எத்தனை பேரை மேலே அழைத்தீர்கள்? பல லீக்குகளில் கீழ் அணியில் பதிவான ஆட்டக்காரர் அதே கிளப்பின் மேல் அணிக்கு ஆட விதி இடம் தருகிறது. அந்த விதியை அந்தக் கிளப் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை, சென்ற ஆண்டு அதே அணியில் ஆடிய குடும்பம் ஒன்றிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.